பிரித்து மாட்டிய ஜி.டி. நாயுடு



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த அன்றைக்கு என் கையெல்லாம் ஒரே ஆயில். நகக்கண்ணில் கறுப்பு. காரணம், அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் அப்பாவின் மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பிரித்துப் போட்டிருந்தேன். அப்பா பால் ஊற்றுகிறவர். விடிகாலை நாலரைக்கு இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு கிளம்புவார். அந்த 100 சிசி வண்டி ஒரு நாள் நின்றால் எங்கள் வீட்டில் அன்றைய வருமானம் நின்றது என்று அர்த்தம். அப்படிப்பட்ட வண்டியை, டிப்ளமோ படிக்கிற தைரியத்தில், நான் பிரித்தேன். அது சரியாக வந்ததா இல்லையா என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்படி வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஒரு மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். நூறு வருஷத்துக்கு முன்னால் இதே கொங்கு நாட்டில் ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தவர். அவர் கையில் டிப்ளமோ இல்லை. புத்தகம் இல்லை. சொல்லிக் கொடுக்க ஆசிரியரும் இல்லை. அவர்தான் ஜி.டி. நாயுடு. அவர் வாழ்க்கையை என் சொந்த வார்த்தையில் எழுதுகிறேன். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

கலங்கல் கிராமத்துப் பிள்ளை

கோயம்புத்தூர் பக்கம் கலங்கல் என்று ஒரு கிராமம். 1893-ஆம் வருஷம் மார்ச் 23-ஆம் தேதி அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் துரைசாமி. அப்பா பெயர் கோபால்சாமி. ‘ஜி’ என்பது அப்பாவின் பெயர், ‘டி’ என்பது அவர் பெயர். சின்ன வயசிலேயே தாயை இழந்தார்.

பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் அவரைப் பிடிக்கவில்லை. வாத்தியார் மேல் மண்ணை வாரி வீசினார் என்று சொல்வார்கள். ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு முடிந்துபோனது. தோட்டத்து வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் படிப்பை விட்டாரே தவிர வாசிப்பை விடவில்லை. காட்டு வேலைக்கு நடுவில் தமிழ்ப் புத்தகங்களைத் தேடித் தேடி வாசித்தார்.

இந்த இடத்தில் நம்மில் சிலர் சிரிப்பார்கள். அரியர் வைத்திருக்கிற நண்பன் ஒருவன், பார்த்தியா, படிக்காமலேயே பெரிய ஆளாகலாம் என்று என்னிடமே சொன்னான். அவசரப்பட வேண்டாம் நண்பர்களே. கதை இன்னும் இருக்கிறது.

மூன்று வருஷம் ஓட்டல் வேலை

ஒரு நாள் அந்தக் கிராமத்துக்கு வருவாய்த் துறை வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். இங்கிலாந்தில் செய்த ரட்ஜ் வண்டி. மாட்டு வண்டியையும் குதிரை வண்டியையும் மட்டுமே பார்த்த கண்ணுக்கு, மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் தானாக ஓடுகிற வண்டி எப்படி இருந்திருக்கும்! ஊரே வேடிக்கை பார்த்தது. வேடிக்கை முடிந்ததும் ஊர் கலைந்து போனது. துரைசாமிக்கு மட்டும் அது மனசை விட்டுப் போகவில்லை. உள்ளே என்ன இருக்கிறது, எது எதைத் தள்ளுகிறது, எப்படி ஓடுகிறது என்று தெரிந்தே ஆக வேண்டும்.

வண்டி வாங்கப் பணம் வேண்டும். வீட்டில் கேட்டால் கிடைக்காது. கோயம்புத்தூருக்குப் போனார். ஒரு ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். நிலபுலம் உள்ள வீட்டுப் பிள்ளை ஊரார் முன்னால் தட்டு எடுத்தார், இலை போட்டார். ஒரு மாசம் இரண்டு மாசம் இல்லை, மூன்று வருஷம். காசைச் சேர்த்தார். சுமார் 300 ரூபாய் சேர்ந்ததும் அதே அதிகாரியிடம் போய் அதே வண்டியை விலைக்கு வாங்கினார்.

தோழர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள். நம்ம டிப்ளமோவும் மூன்று வருஷம்தான். நாம் மூன்று வருஷம் படித்து ஒரு சான்றிதழ் வாங்குகிறோம். அவர் மூன்று வருஷம் உழைத்து ஒரு பாடப் புத்தகம் வாங்கினார். அந்தப் புத்தகத்துக்கு இரண்டு சக்கரம் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிரித்தார், மாட்டினார்

வாங்கின வண்டியில் ஏறி ஊரைச் சுற்றியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அவர் அதைப் பிரித்தார். ஒவ்வொரு நட்டாக, ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றிப் பார்த்தார். மறுபடி மாட்டினார். ஓட வைத்தார். அப்புறம்தான் மெக்கானிக் ஆனார்.

பிரிப்பது பெரிய விஷயமா என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், வாசலில் உட்காரும் வரைக்கும். ஒரு ஃபோர்க் ஆயில் சீல் எவ்வளவு பெரிய பொருள்? ஒரு வளையல் அளவுகூட இல்லை. ரப்பர் வளையம், உள்ளே மெல்லிய உதடு, அந்த உதட்டைப் பிடித்துக்கொள்ள ஒரு நுண்ணிய ஸ்பிரிங். ஃபோர்க் பைப் மேலும் கீழும் போகும்போது ஆயிலை உள்ளேயே வழித்து நிறுத்துவதுதான் அதன் வேலை. மண் ரோட்டில் ஓடின வண்டியில் தூசி உதட்டில் உட்காரும். ரப்பர் தேயும், காலம் ஆக ஆக விறைக்கும். ஆயில் கசியும். கசிந்தால் மேடு பள்ளத்தில் முன்பக்கம் தொம் தொம் என்று குத்தும். பிரேக்கு வரைக்கும் ஆயில் இறங்கினால் ஆபத்து. அப்பாவின் வண்டியில் பைப்பைச் சுற்றிக் கறுப்பாக ஆயில் வளையம் கட்டியிருந்தது. பால் கேன் பாரத்தோடு பிரேக் போட்டால் முன்பக்கம் அப்படியே அமுங்கிப் போகும்.

சீல் விலை கொஞ்சம்தான். பிரித்து மாட்டும் கூலிதான் அதிகம். அதனால்தான் நானே செய்கிறேன் என்று சொன்னேன். அப்பா ரொம்ப நேரம் ஒன்றுமே பேசவில்லை. கடைசியில் திங்கட்கிழமை நாலரைக்கு வண்டி வேணும் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாயுடு வாங்கின காலத்து வண்டிகளின் முன் ஃபோர்க்கில் இந்தச் சீலே கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் கம்பிச் சட்டமும் ஸ்பிரிங்கும்தான். குழாய்க்குள் குழாய் போய், உள்ளே ஆயில் இருந்து அதிர்ச்சியைத் தாங்குகிற ஃபோர்க் 1935-இல் பி.எம்.டபிள்யூ கம்பெனி வண்டியில் வந்த பிறகுதான் மெல்லப் பரவியது. ஆயில் உள்ளே வந்தது, அதைக் காக்க சீலும் வந்தது.

ஒரு பஸ்ஸில் தொடங்கியவர்

மெக்கானிக் ஆனவர் உடனே பணக்காரர் ஆகிவிடவில்லை. பருத்தித் தொழிலில் இறங்கினார். பம்பாய் போய்ப் பருத்தி வியாபாரம் செய்து சம்பாதித்ததை இழந்து திரும்பினார். நம்ம வீடுகளில் இப்படி ஒரு நஷ்டம் வந்தால் அதோடு முடங்கிப் போவோம். அவர் மறுபடியும் முதல் படியிலிருந்து ஆரம்பித்தார். கோயம்புத்தூரில் தொழில் நடத்திவந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் இவர் திறமையைப் பார்த்துக் கடன் கொடுத்து உதவினார். 1920-இல் ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே.

ஒரு பஸ் பல பஸ் ஆனது. கம்பெனியின் பெயர் யு.எம்.எஸ். 1930-களில் சுமார் 280 வண்டிகள். எண்ணிக்கையை விட எனக்குப் பிடித்தது வேறு. டிக்கெட் கொடுக்க ஒரு இயந்திரம் வேண்டும் என்று யோசித்து அதையும் தானே செய்தார். வண்டியில் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கச் சோதனைக் கருவிகள் செய்தார். பஸ் என்றால் அவருக்கு வசூல் மட்டும் இல்லை. அதுவும் பிரித்துப் பார்க்க வேண்டிய ஒரு பொருள்தான்.

மோட்டார், ரேசர், ரேடியோ

1930-களில் வெளிநாடுகளுக்குப் போனார். போன இடத்தில் ஃபேக்டரிகளைப் பார்த்தார். கேமராவும் கையுமாக இருந்தார். 1936-இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தானே படம் பிடித்தார். பேட்டரியில் ஓடுகிற சின்ன மோட்டார் வைத்து ‘ரேசன்ட்’ என்ற மின்சார ரேசரை உருவாக்கினார். மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், கள்ள ஓட்டைத் தடுக்கும் ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று அவர் செய்த பொருள்களைச் சொல்லிக்கொண்டே போகலாம்.

நம்ம ஊருக்கு எல்லாவற்றையும் விடப் பெரிசு 1937-இல் நடந்தது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் மின்சாரம் தர ஆரம்பித்திருந்தது. கோவைக்குக் கரண்ட் வந்துவிட்டது. மோட்டார் மட்டும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். பாலசுந்தரம் நாயுடு என்ற தொழில் வல்லவரோடு சேர்ந்து பீளமேட்டில் மின் மோட்டார் செய்தார். இந்தியாவிலேயே செய்த முதல் மின் மோட்டார் என்று அதைத்தான் சொல்கிறார்கள். இன்றைக்குக் கோவை என்றால் மோட்டார், பம்ப்செட் என்று இந்தியா முழுக்கத் தெரியும். நம்ம சீனியர்கள் எத்தனை பேர் அந்த ஃபேக்டரிகளில் வேலை பார்க்கிறார்கள்! அந்த வேலைகளுக்கெல்லாம் ஒரு ஆரம்பம் உண்டு என்றால், இதைச் சொல்லலாம்.

1941-இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்றார். 1952-இல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் செய்தார். விலை 2,000 ரூபாய். அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை. கார் அதோடு நின்றது. வயலில் இறங்கினார், பத்தடி உயரப் பருத்திச் செடி வளர்த்துக் காட்டினார். சர் சி.வி. ராமனும் விஸ்வேசுவரய்யாவும் அவர் தோட்டத்தைப் பார்க்க வந்தார்கள்.

ஹோப் காலேஜ் ஸ்டாப்

கோவையில் அவிநாசி ரோட்டில் பஸ்ஸில் போனால் கண்டக்டர் ஹோப் காலேஜ், ஹோப் காலேஜ் என்று கத்துவார். இறங்கிப் பார்த்தால் அந்தப் பெயரில் ஒரு காலேஜும் இருக்காது. முதல் தடவை நான் முழித்தேன். விஷயம் தெரிந்த பிறகு அந்த ஸ்டாப்பைத் தாண்டும்போதெல்லாம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறேன்.

1944-இல் நாயுடு மோட்டார் தொழிலிலிருந்து விலகினார். தொழிற்கல்விக்குப் பணம் கொடுத்தார். 1945-இல் அங்கே ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு பொறியியல் கல்லூரியும் தொடங்கின. அப்போது சென்னை கவர்னராக இருந்த ஆர்தர் ஹோப் பெயரை வைத்தார்கள். அந்தப் பொறியியல் கல்லூரிதான் இடம் மாறிப் பின்னால் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆனது. பழைய இடத்தில் பெயர் மட்டும் பஸ் ஸ்டாப்பாகத் தங்கிவிட்டது.

அந்தக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர் யார் தெரியுமா? ஆரம்பப் பள்ளியையே முடிக்காத நாயுடுதான்! ஆனால் ரொம்ப நாள் இருக்கவில்லை. நாலு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷத்தில் ஒரு இன்ஜினியரை உருவாக்க முடியும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வெளியே வந்துவிட்டார்.

இதை வாசித்தபோது எனக்குச் சுருக்கென்றது. மறைக்காமல் எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டின முதல் ஆள் நான்தான். ஃபீஸ் கட்ட அம்மா தோட்டுக்குப் பதில் இப்போது காதில் குச்சி போட்டிருக்கிறார். சான்றிதழ் என்ற அந்தக் காகிதத்துக்காக வீடே காத்துக்கொண்டிருக்கிறது. அப்படி இருக்கும்போது, இவ்வளவு பெரிய மனிதர் இந்தப் படிப்பையே வீண் என்று நினைத்தாரா என்று இரண்டு நாள் மனசு சரியில்லாமல் இருந்தது.

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். படிப்பே வேண்டாம் என்றவர் எதற்காக பாலிடெக்னிக் வரப் பணம் கொடுத்தார்? அவர் கோபம் படிப்பின் மேல் இல்லை. கை படாத படிப்பின் மேல். வொர்க்‌ஷாப்பில் நண்பன் ராவுகிற ஜாபைப் பார்த்துக்கொண்டே நாம் ரெக்கார்டு நோட்டை நிரப்புகிறோமே, அந்த மாதிரிப் படிப்பின் மேல். இது என் கருத்து. தப்பென்றால் சீனியர்கள் திருத்தலாம்.

ஜெயித்ததும் தோற்றதும்

அவர் தொட்டதெல்லாம் ஜெயித்தது என்று எழுதினால் அது பொய். பம்பாயில் தோற்றார். 1936-இல் தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்றார். கார் செய்தும் ரோட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை. வரியும் கெடுபிடியும் தாங்காமல் 1950-களில், தான் செய்த பொருள்களை ஜனங்கள் முன்னாலேயே உடைத்துக் காட்டி எதிர்ப்பைச் சொன்னார். வாழ்நாள் முழுக்கச் சேர்த்து மாட்டியவர், தன் கையாலேயே உடைக்க எவ்வளவு மனம் நொந்திருப்பார்! உடைத்திருக்க வேண்டாம், நம்மைப் போன்ற பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. பெரியவர்களிடமும் நமக்கு ஒவ்வாத விஷயம் ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்யும்.

அப்புறம் 1967-இல் அவிநாசி ரோட்டில் தொழில் பொருட்காட்சியை நிறுவினார். மாணவர்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான். 1974 ஜனவரி 4-ஆம் தேதி காலமானார். அதே அவிநாசி ரோட்டின் மேல் பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மேம்பாலம் கட்டி 2025 அக்டோபரில் திறந்தார்கள். அதற்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் இந்த ஊருக்கு வேலை தேடி வந்து ஓட்டலில் இலை போட்ட ஆள்!

வாசலுக்குத் திரும்புவோம்

இப்போது என் கதையின் மிச்சம். முதல் ஞாயிற்றுக்கிழமை நான் செய்தது வேலை இல்லை, வினை. பழைய சீலை எடுத்தேன். புதுச் சீலை ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் சுற்றிலும் தட்டி இறக்கினேன். திங்கட்கிழமை நாலரைக்கு வண்டி கிளம்பியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வியாழக்கிழமை பார்த்தால் வலது பக்கம் மறுபடியும் ஆயில். சீல் கோணலாக இறங்கி, உதடும் கிழிந்திருந்தது. அப்பா திட்டவில்லை. பழைய துணியால் பைப்பைத் துடைத்துவிட்டுப் பேசாமல் கிளம்பினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த ஞாயிறு மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை லேப்பில் சார் சொல்வது போல ஒவ்வொன்றையும் எழுதி வைத்துக்கொண்டு செய்தேன். என் மாதிரி தப்புப் பண்ணாமல் இருக்க உங்களுக்கும் சொல்கிறேன்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கினேன். சக்கரம், மட்கார்டு கழற்றினேன். ஃபோர்க் அடியில் இருக்கிற ஆலன் போல்ட்டை, மேல் மூடியைக் கழற்றும் முன்னாலேயே தளர்த்திவிட வேண்டும். உள்ளே ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருந்தால்தான் ராடு கூடவே சுற்றாமல் நிற்கும். முதல் வாரம் இது தெரியாமல் ஒரு மணி நேரம் போச்சு. மேல் மூடியையும், ஃபோர்க் இன்னும் கிளாம்பில் இருக்கும்போதே தளர்த்த வேண்டும். முழுசாகக் கழற்றும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் எகிறும்.

பழைய ஆயிலை வடித்து, பைப்பை உருவி, தூசிக் கவரையும் சர்க்லிப்பையும் எடுத்துவிட்டுச் சீலை நெம்பினேன். நெம்பும்போது விளிம்பில் துணி மடித்து வைத்தேன், அலுமினியத்தில் கீறல் விழக் கூடாது. பைப்பை நகத்தால் தடவிப் பார்த்தேன். துருப் புள்ளி நகத்தில் தட்டினால் எத்தனை புதுச் சீல் போட்டாலும் கிழியும். நல்லவேளை, தட்டவில்லை. பைப் நுனியில் பிளாஸ்டிக் கவர் சுற்றி, ஆயில் தடவி, உதடு மடங்காமல் சீலை இறக்கினேன். சீல் அளவுக்குச் சரியான பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றை மேலே வைத்து நேராகத் தட்டினேன். சுற்றிலும் ஒரே மாதிரி இறங்கியது. சர்க்லிப் அதன் பள்ளத்தில் டக்கென்று உட்கார்ந்தது. அந்தச் சத்தம் இருக்கிறதே, பரீட்சை ரிசல்ட்டில் பாஸ் என்று பார்த்த மாதிரி!

அடி போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர். ஆயிலை மெடிக்கலில் வாங்கின பெரிய சிரிஞ்சால் அளந்து, கையேட்டில் போட்டிருந்த அளவுக்கு இரண்டு பக்கமும் சமமாக ஊற்றினேன். மாட்டின பிறகு முன் பிரேக்கைப் பிடித்துப் பத்துத் தடவை அமுக்கிப் பார்த்து, எல்லா நட்டையும் மறுபடி டைட் வைத்தேன். நாலு மாசம் ஆகிறது. பைப் காய்ந்து சுத்தமாக இருக்கிறது.

நாயுடு பிரித்தபோது அவருக்குச் சொல்லித்தர ஆள் இல்லை, கையேடும் இல்லை. எத்தனை தடவை தப்பாக மாட்டியிருப்பாரோ! நமக்குக் கையேடு இருக்கிறது, சார்கள் இருக்கிறார்கள், வொர்க்‌ஷாப் இருக்கிறது. அதனால் நமக்குச் சாக்குச் சொல்லவும் இடமில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருத்தர் தன் வண்டியில் ஆயில் கசிகிறது என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா என்னைக் கூப்பிடவில்லை, என் படிப்பைப் பற்றியும் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய், நான் பத்திரமாக வைத்திருந்த அந்த பி.வி.சி. குழாய்த் துண்டை எடுத்துவந்து அவரிடம் காட்டி, சீலை எப்படி நேராக இறக்க வேண்டும் என்று விளக்க ஆரம்பித்துவிட்டார்.

நம் கையிலும் ஸ்பானர் இருக்கிறது தோழர்களே. பிரிப்போம், மாட்டுவோம்!

வாழ்க நம் மாணவர் சங்கம்!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்